குள்ளர் வீட்டுக்குப் போகும் வழி

கானல்பாறை ஊருக்கு மேலே, கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி ஏறுகிற ஒற்றையடிப் பாதையின் குறுக்கே, பழைய காப்பி எஸ்டேட்டை வாங்கி விடுதி கட்டிய கம்பெனிக்காரர்கள் சுவர் எழுப்பி, சுவருக்கு வெள்ளையடித்து, வெள்ளையின் மேல் தங்கள் பெயரையும் எழுதி முடித்த வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தபாலாபீஸ் தெரு அமலோற்பவம் டீத்தூள் சக்கையைக் கொட்டுவதற்காகச் சமையலறைப் பின்கதவைத் திறந்தபோது அங்கே கொல்லையைக் காணவில்லை. பப்பாளி மரம் நிற்க வேண்டிய இடத்தில் பாறை கிடந்தது. கொடிக்கயிறு கட்டியிருந்த இடத்தில் வெறும் வானம். பாறையின் மேல், கல்லிலேயே சுவரும் கல்லிலேயே கூரையுமாக, இடுப்பு உயரத்துக்குக் குள்ளர் வீடுகள் வரிசை பிசகி உட்கார்ந்திருந்தன, கூட்டம் கலைந்த பிறகும் எழுந்து போக மனசில்லாத ஆட்களைப் போல.

சக்கையை எங்கே கொட்டுவது என்று அமலோற்பவம் முதலில் யோசித்தாள். முந்தின நாள் காயப்போட்ட வேட்டிகள் என்ன ஆயின என்று அடுத்து யோசித்தாள்.

“என்னங்க, கொல்லையைக் காணோம்.”

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சவரிநாதன் தலையைத் தூக்கவில்லை. “நல்லாப் பாரு. அங்கதான் இருக்கும்.”

கண்ணாடி, சாவி, ரேஷன் கார்டு, எதைக் காணோமென்றாலும் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இது ஒன்றுதான் பதில். அவள் கதவைச் சாத்தித் திறந்தாள். பாறை. மறுபடி சாத்தித் திறந்தாள். பாறையின் மேல் இப்போது ஒரு ஓணான் வந்திருந்தது. கடைசியில் அவரே எழுந்து வந்து எட்டிப் பார்த்து, வாசல் வழியாக இறங்கி, பக்கத்துச் சந்தில் சுற்றிக்கொண்டு போய், அங்கிருந்து குரல் கொடுத்தார்: “எல்லாம் இங்கதான் இருக்கு. வேட்டிகூடக் காஞ்சிருச்சு.”

ஆக, சந்து வழியாகப் போனால் கொல்லை, கதவு வழியாகப் போனால் குள்ளர் வீடு. துவைக்கப் போகிறவள் வாளியோடு சுற்ற வேண்டும், அவ்வளவுதானே என்றார் சவரிநாதன். சுற்றப்போவது அவர் இல்லை.

அந்தக் கல் வீடுகள் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தியவை, செத்தவர்களுக்குக் கட்டியவை என்று எப்போதோ யாரோ வந்து அளந்து சொல்லிவிட்டு ஒரு அறிவிப்புப் பலகையும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பலகை துருப்பிடித்து, எழுத்து உதிர்ந்து, கடைசியில் யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ கூரையாகப் போய்ச் சேர்ந்தது. ஊராருக்கு அது குள்ளர்கள் குடியிருந்த வீடு. முழ உயரத்து மனிதர்கள், யானையைக் காதைப் பிடித்து இழுத்துப் போகிற பலம், ஒரு பெருமழைக் காலத்தில் மலைக்குள் போனவர்கள். சொல்லிக்கொண்டு போகவில்லை, ஆகையால் திரும்பி வருவார்கள், அதுவரை வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊரின் பொறுப்பு. ஊர் பார்த்துக்கொண்ட லட்சணம், உள்ளே ஆடு அடைத்தார்கள், வெளியே சீட்டாடினார்கள், கூரைக் கல்லை உடைத்து வேலிக்கால் நட்டார்கள், வீடுகளைச் சுற்றி வட்டமாக நட்டிருந்த கற்களின் மேல் பாட்டிலை அடித்து எறிந்தார்கள். சவரிநாதனின் அப்பா தன் பங்குக்கு, நடுவில் வட்டமாகத் துளை போட்ட முன்கல் ஒன்றை மாட்டுவண்டியில் இறக்கி வந்து கொல்லையில் துவைக்கிற கல்லாகப் போட்டுக்கொண்டார். சோப்புத் தண்ணீர் அந்தத் துளை வழியாக அழகாக வடியும், இதைவிடத் தோதான கல் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். குள்ளர் வீட்டு வழி அமலோற்பவம் வீட்டுக்கு வந்ததற்கு அந்தக் கல்தான் காரணம் என்று பிற்பாடு சிலர் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். அதை ஆராய்ந்துகொண்டிருக்க யாருக்கு நேரம்.

ஆண்கள் ஆடும் பாட்டிலுமாக ஏறிய அதே பாதையில் பெண்களுக்கு வேறு வேலை இருந்தது. உயிரில்லாமல் பிறந்த பிள்ளைக்கு அந்த ஊரில் பெயர் கிடையாது, சடங்கு கிடையாது, அழுவதற்குக்கூட ஒரு வாரத்துக்கு மேல் அனுமதி கிடையாது. பெற்றவள் ஓடையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, முந்தானையில் சுற்றி, பச்சை உடம்போடு பாதை ஏறிப் போய், குள்ளர் வீட்டுக் கூரைமேல் வைத்து, “வளத்துக்கங்க” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். குள்ளர்களுக்குப் பிள்ளை கிடையாது, வளர்த்துக்கொள்வார்கள். என்ன சாதி, எந்தச் சாமி என்று கேட்க மாட்டார்கள். முழ உயர ஆட்களுக்கு அந்தக் கேள்வியெல்லாம் எட்டாது.

அமலோற்பவத்தின் வெள்ளைக் கல்லும் அங்கேதான் இருந்தது. அவளுடைய முதல் பிள்ளை. அப்போதிருந்த சாமியார், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று மிக மென்மையாகச் சொன்னார். கான்வென்ட்டில் அந்த மாதிரிப் பிள்ளைகள் எங்கே போகும் என்று சிஸ்டர் கரும்பலகையில் படம் போட்டே காட்டியிருந்ததால் அமலோற்பவம் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் கையைப் பிடித்துப் பாதை ஏற்றிக் கூட்டிப்போனவள் தமயந்தி. இரண்டு பேரும் ஒரே கான்வென்ட், ஒரே பெஞ்சு, வாய்ப்பாடு தப்பினால் ஒரே அடி; இரண்டு பேரும் மலைமேல் ஒரே ஊருக்கு வாழ்க்கைப்பட்டது ஆண்டவன் செயல் என்று அமலோற்பவமும் எதேச்சை என்று தமயந்தியும் சொல்லிக்கொள்வார்கள். பிறகு தமயந்திக்கும் ஒன்று அப்படியானது. அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. கறுப்பில் வெள்ளை வரி ஓடிய கல் ஒன்றை அமலோற்பவமே தேடி எடுத்து, தன் முந்தானையில் சுற்றிக்கொண்டு ஏறி, தன் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் இரண்டு பேரும் ஆளுக்கொரு விளக்குமாற்றோடு மேலே போய், பாட்டில் சில்லைப் பொறுக்கி, உண்ணிச்செடியைப் பிடுங்கி, ஆட்டை விரட்டி, ஆட்டுக்காரனையும் விரட்டிவிட்டு வருவார்கள். ஊர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டுக் கற்களையும் சேர்த்துத்தான் அவர்கள் கூட்டினார்கள்.

அந்தப் பாதையைத்தான் கம்பெனி அடைத்தது. விடுதிக்கு வருகிறவர்கள் காலையில் அந்தக் கல் வீடுகளைப் பார்த்துக்கொண்டே பழரசம் குடிக்கலாம் என்று விளம்பரமும் போட்டது.

வழி இடம் மாறிய செய்தியை அமலோற்பவம் யாரிடமும் சொல்லவில்லை. சவரிநாதன் டீக்கடையில் சொல்லியிருப்பார். முதலில் வந்தவள் ஜீப் டிரைவர் பாண்டியின் பெண்சாதி செல்லக்கிளி. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானைக்குள் என்ன என்று கேட்க வேண்டிய அவசியமில்லை. அமலோற்பவம் அவளைச் சமையலறைக்குள் கூட்டிப்போனபோது அங்கே சவரிநாதன் முக்காலியில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

“வாம்மா, சாப்பிட்டியா?” என்றார்.

செல்லக்கிளி முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், “சாப்பிட்டேங்கய்யா” என்று பொய் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனாள். திரும்பி வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ரொம்ப நன்றிங்கக்கா, உங்களுக்குத்தான் தொந்தரவு” என்றாள்.

அந்த நன்றிதான் அமலோற்பவத்தை முள்ளாகக் குத்தியது. அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இறங்கிய நாளில் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. யாரும் இட்லி தின்றுகொண்டு அவளைப் பார்க்கவில்லை. புல் இருந்தது, காற்று இருந்தது, பாதை அது பாட்டுக்குக் கிடந்தது. அன்றைக்குச் சாயங்காலமே சவரிநாதனிடம் பின்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள், இனி மேலே போய்த் திரும்புகிற எவளும் தட்டிவிட்டு நிற்கக் கூடாதென்று. கழற்றிய தாழ்ப்பாளை ஆணி டப்பாவில் போட்டு வைத்தாள்.

அப்புறம் ஊர் வந்தது. கல்லோடு வந்தவர்கள் போக, கல்லைப் பார்க்க வந்தார்கள். கல்லைப் பார்க்க வந்தவர்கள் போக, கதவைப் பார்க்க வந்தார்கள். கதவைப் பார்த்தவர்கள் வந்த கையோடு மேலே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வந்தார்கள், வந்தவர்களுக்குத் தாகம் எடுத்தது, அமலோற்பவம் காப்பி போட்டாள். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப அவளுக்குத் தெரியாது, அது ஒரு வியாதி. அவள் வீட்டுத் தண்ணீரை ஒரு நாளும் தொட்டிராத மேலத்தெரு பட்டம்மாள் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்பங்கரையைக் கடந்து போனாள். அடுத்த தடவை பொத்தவில்லை. அதற்கடுத்த தடவை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மீன் பொரிக்காமல் இருந்தால் நல்லது என்று யோசனை சொன்னாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுச் சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி கேட்டார். பள்ளிவாசல் தெருப் பெண்கள் நோன்பு முடிந்த மறுநாள் கூட்டமாக வந்து, போகும்போது அவள் கழுவாமல் வைத்திருந்த பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் போனார்கள். ஊரில் உருப்படியாக நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான். ஷேர் ஆட்டோக்காரன் ‘குள்ளர் வீட்டு ஸ்டாப்’ என்று கூவி அவள் வாசலில் ஆட்களை இறக்கினான். டவுன் பஞ்சாயத்து அவள் கேட்டில் அம்புக்குறி போட்ட போர்டு ஒன்றை மாட்டியது. காலேஜ் பிள்ளைகளும் அளக்கும் டேப்போடு அவர்கள் வாத்தியாரும் வந்து, தாளிக்கிற கடுகு வெடித்துத் தெறிப்பதைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு கல் வீட்டையும் அளந்து முடித்து, மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டு முடித்துப் போனார்கள். சவரிநாதன் ஓய்வு பெற்றதிலிருந்து காணாத ஒரு மினுமினுப்போடு கூடத்தில் உட்கார்ந்து, “போங்க, நேராப் போய் அடுப்புக்குச் சோத்தாங்கைப் பக்கம்” என்று எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு அது பழகிவிட்டது. மழைக்கு ஒதுங்கின மாதிரி, ஏதோ அதற்கென்றே கட்டின வீடு மாதிரி. பழைய பாதை எப்படி இருக்கும் என்பது மறக்க ஆரம்பித்திருந்தது. அதில் மூச்சு வாங்கும், வெயில் அடிக்கும், அட்டை கடிக்கும். இங்கே காப்பி.

அமலோற்பவத்துக்கு மறக்கவில்லை.

“பாரு தமயந்தி,” என்றாள் ஒரு நாள், கூட்டம் ஓய்ந்த பிறகு. தமயந்தி அப்போது அந்த வார்டு கவுன்சிலர். “என் சமையல்கட்டு என் சமையல்கட்டு. பாதை பாதை. நான் இருக்கிறவரைக்கும் திறந்து வைப்பேன். எனக்கப்புறம் என் மருமக திறப்பாளா? அவ ஃபிரிட்ஜையே எனக்குத் திறந்து காட்ட மாட்டா. நான் ஒரு நாள் கோவிச்சுக்கிட்டுச் சாத்திட்டா இந்தப் பொம்பளைங்க எங்க போவாங்க? என் தயவுல போறது வழியா?”

“அதுக்குத்தான் மனு குடுப்போம்ங்கிறேன்,” என்றாள் தமயந்தி. “திங்கக்கிழமை குறைதீர் நாள். நான் எழுதுறேன், நீ திருத்து. இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு.”

இரண்டு பேரும் கான்வென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரியே தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் எழுதினார்கள். தொன்மையான நினைவுச் சின்னம், ஊர்ப் பொதுப்பாதை, அடைத்தது தவறு, சுவரை இடித்துப் பாதையைத் திறந்து விட வேண்டும். காப்பி குடிக்க வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிகாக்‌ஷன் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம் என்றாள். முதல் கையெழுத்து தமயந்தியுடையது. “உன் பேர் முதல்ல வேணாம், வீட்டுக்காரி சொந்த லாபத்துக்குக் கேக்குறான்னு சொல்லுவாங்க” என்று அவள் சொன்னது அமலோற்பவத்துக்கு நியாயமாகவே பட்டது.

மனு மேஜை மேஜையாக நகர்ந்து, கடைசியில் தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பதாகத் தகவல் வந்தது. வருகிற அன்று அமலோற்பவம் விடியலிலேயே குளித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்கு மேலே, சுவருக்கு இந்தப் பக்கம், பழைய பாதை சுவரில் போய் முட்டி நிற்கிற இடத்தில் காத்துக்கொண்டு நின்றாள். செல்லக்கிளியும் அவளோடு நின்றாள். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு இரண்டு பேரும் இறங்கி வந்தால், வாசலில் ஜீப் நிற்கிறது, கூடத்தில் ஊர் நிற்கிறது, தாசில்தார் சமையலறைக் கதவு வழியாகக் குள்ளர் வீடுகளை எல்லாம் பார்த்து, சுவரை உள்பக்கத்திலிருந்தே பார்த்து, திரும்பியும் வந்து, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருக்கிறார்.

“சாருக்கு முட்டிவலி,” என்றாள் தமயந்தி. “ஏற முடியாதுன்னார். அதான் இப்படிக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

விடுதி மேனேஜர் சுவரோரமாக, மிகவும் அடக்கமாக நின்றுகொண்டிருந்தார். வந்தவர்களுக்கு இன்னும் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் அமலோற்பவத்தின் கால்கள் அவளைக் கேட்காமலே அடுப்படிக்குப் போயின. அவள் காப்பியோடு திரும்பி வந்து முதல் டம்ளரைத் தாசில்தாரிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுக் கேட்டார்.

“அம்மா, குள்ளர் வீட்டுக்குப் போற வழி அடைபட்டதா எழுதியிருக்கீங்க. நான் இப்ப எந்த வழியாப் போயிட்டு வந்தேன்?”

“என் சமையல்கட்டு வழியா.”

“ஆக, போயிட்டு வந்தேன்.”

“அது வழி இல்லீங்க. அது என் வீடு.”

அவர் சவரிநாதன் பக்கம் திரும்பினார். “நீங்க எப்பவாச்சும் இந்தக் கதவை அடைக்கிற உத்தேசம் உண்டுங்களா?”

“நான் எதுக்குங்க அடைக்கப் போறேன்,” என்றார் சவரிநாதன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “தாழ்ப்பாளையே கழட்டிப் போட்டவங்கய்யா நாங்க. ஊர் சனம் வந்து போற வீடு.”

“உங்களுக்கு ஏதாச்சும் சிரமம் உண்டா?” என்று பட்டம்மாளைக் கேட்டார்.

“ஒரு சிரமமும் இல்லீங்க. வெள்ளிக்கிழமை மட்டும் லேசா மீன் வாடை.”

ஒவ்வொருவராகக் கேட்டார். நல்ல வழி. நிழலான வழி. வயசானவர்களுக்குத் தோதான வழி. அமலம் அக்கா தங்கமானவங்க. கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வாயும் காப்பி மணத்தோடு அதையே சொல்லியது. செல்லக்கிளி கதவோரம் நின்றிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, அவள் வாயைத் திறந்தபோது பாண்டி அவள் முழங்கையைப் பிடித்தான். அமலோற்பவம் தட்டை ஏந்தியபடியே தமயந்தியைப் பார்த்தாள். வாய்ப்பாடு மறந்துபோய் எழுந்து நிற்கும்போது பெஞ்சுக்குக் கீழே விரலை மடக்கிக் காட்டுகிறவளைப் பார்க்கிற அதே பார்வை.

“முதல் கையெழுத்து உங்களுது,” என்றார் தாசில்தார். “நீங்க சொல்லுங்க கவுன்சிலரம்மா. வழி இருக்கா, இல்லையா?”

தமயந்தி தட்டிலிருந்த டம்ளர்களைப் பார்த்தாள்.

“இருக்குங்க சார். அமலி வீட்டு வழியா நாங்க எல்லாரும் நல்லாத்தான் போயிட்டு வர்றோம்.”

பொய் சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும். அவள் சொன்னது முழு உண்மை.

எல்லோரும் போன பிறகு தமயந்தி பின்தங்கி, தொட்டியடியில் டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். அமலோற்பவம் தடுக்கவில்லை, உதவவுமில்லை.

“கம்பெனிக்காரங்க நம்ம வார்டுக்கு மேல வரைக்கும் தார் ரோடு போட்டுத் தர்றேங்கிறாங்கடி அமலி. சுவரை இடிச்சா ரோடு இல்ல. வழிதான் இங்க இருக்கே, ரோடும் வரட்டுமேன்னு பாத்தேன். ரெண்டும் கிடைச்ச மாதிரி.”

“என்னைக்கு முடிவு பண்ணினே?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“மனு எழுதறப்பவே தெரியுமா?”

“எழுதறப்பத் தெரியாது,” என்றாள் தமயந்தி. “கையெழுத்து வாங்கறப்பத் தெரியும்.”

அமலோற்பவம் குழாயை மூடினாள். “கழுவுனது போதும். கெளம்பு.”

பொதுமக்கள் போய்வர ஏற்கெனவே வழி இருப்பதால் சுவரை அகற்றத் தேவையில்லை என்று உத்தரவு வந்து, அதன் நகலை அவள் கேட்டில், அம்புக்குறி போர்டுக்குக் கீழேயே, ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை அமலோற்பவம் டீத்தூள் சக்கையோடு பின்கதவைத் திறந்தாள். பப்பாளி மரம் நின்றது. கொடியில் வேட்டி ஆடியது. கதவைச் சாத்தித் திறந்தாள். பப்பாளி. இன்னொரு தடவை சாத்தித் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதற்குள் துவைக்கிற கல்லைப் பார்த்துவிட்டாள்.

துவைக்கிற கல்லின் மேலும், அதைச் சுற்றியும், வட்டத் துளையை அடைத்துக்கொண்டும், பப்பாளியின் அடிவரைக்கும், கூழாங்கற்கள். வெள்ளை, சாம்பல், செம்மண் நிறம், பச்சையோடியது, முட்டை மாதிரி, அவரைக்கொட்டை மாதிரி, உள்ளங்கையில் அடங்குகிறது, அடங்காதது, எத்தனை தலைமுறைப் பெண்கள் ஏறிப் போய் வைத்தார்களோ அத்தனையும். ஒன்றின்மேல் ஒன்று எறிந்ததாக இல்லை. ஒவ்வொன்றும் மெதுவாக இறக்கி வைத்ததுபோல் இருந்தது, தூங்குகிறதை எழுப்பிவிடக் கூடாதென்று. ஈர மண்ணில் சின்னச் சின்னப் பாதத் தடங்கள் சந்துப் பக்கமிருந்து வந்து, சந்துப் பக்கமே திரும்பிப் போயிருந்தன.

குள்ளர்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் தன் வெள்ளைக் கல்லை எடுத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலுக்கு வந்தாள். அங்கே அன்றைய முதல் ஷேர் ஆட்டோ வந்து நின்றிருந்தது.

ஊர் பின்கதவைத் திறந்து பார்த்து, பப்பாளியைப் பார்த்து, அமலோற்பவத்தைப் பார்த்தது. கோபத்தில் வழியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள் என்றது. தங்கமான அக்கா என்று சொன்னவர்கள் எல்லாம் இவளுக்கு ஆரம்பத்திலிருந்தே வாய் நீளம் என்றார்கள். “நல்லாப் பாரு, அங்கதான் இருக்கும்” என்று சவரிநாதன் அவளிடமே சொன்னார், இந்தத் தடவை கெஞ்சுகிற குரலில். மேலே சுவரடிக்குப் போய்க் கேட்டவர்களிடம் விடுதி மேனேஜர், உத்தரவில் எழுதியிருக்கிறபடி வழி தபாலாபீஸ் தெருவில்தான் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். காகிதத்தில் வழி இருந்தது. கதவுக்குப் பின்னால் பப்பாளி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்று ஊர் அமலோற்பவத்தைத் திட்டியது. 

பிறகு, பெண்கள் தனித்தனியாக, சந்து வழியாக, கொல்லைக்கு வர ஆரம்பித்தார்கள். யாரும் வேறொருத்தியின் கல்லை மாற்றி எடுக்கவில்லை. செத்துப்போன தாய்களின் கற்களை மகள்கள் எடுத்தார்கள். செல்லக்கிளி தன்னுடையதை எடுத்து, துடைத்து, அமலோற்பவத்தின் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பட்டம்மாளுக்கும் ஒன்று இருந்தது, யாருக்கும் தெரியாதது, ஒரு நெல்லிக்காய் அளவுதான். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள், இந்தத் தடவை மீன் வாடைக்காக இல்லை. அந்த வாரத்திலிருந்து கானல்பாறையில் ரேஷன் வரிசையிலும் பஸ்ஸிலும் பெண்கள் இடுப்பில் ஒரு முடிச்சோடு நிற்பது வழக்கமாயிற்று. கண்டக்டர் கேட்பதில்லை. ஆண்கள் தெரிந்தும் தெரியாத மாதிரியே இருந்தார்கள். அவர்களுக்கு அது பழகிய வேலை.

கொல்லையில் ஒரே ஒரு கல் மிஞ்சியது. கறுப்பில் வெள்ளை வரி ஓடியது. அமலோற்பவம் அதைத் தொடாமல், அதைச் சுற்றியே துணி துவைத்தாள். சோப்பு நுரை அதன்மேல் பட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

தார் ரோடு கல்லறைத் தோட்டம்வரை வந்துவிட்ட ஒரு சாயங்காலம் தமயந்தி வந்தாள். சந்தில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். அந்த வீட்டில் அவள் அப்படிக் கேட்டது கிடையாது.

“திங்கக்கிழமை மறுபடி மனு குடுக்கப் போறியாமே. நானும் வர்றேன் அமலி. முதல் ஆளா நின்னு சொல்றேன்.”

“யாரும் வர வேணாம். வந்தா காப்பி கேப்பீங்க.”

தமயந்தியின் கண் துவைக்கிற கல்லுக்குப் போய், அங்கேயே நின்றது. அது தன் கல் என்று தெரிந்து அவள் பார்ப்பது அன்றைக்குத்தான், வைத்தவள் அமலோற்பவம். ஒவ்வொரு வருஷமும் மேலே கூட்டப் போகிறபோதும் எது தன்னுடையது என்று அவள் கேட்டதில்லை, அமலோற்பவம் காட்டியதும் இல்லை.

“இதுதானா?”

அமலோற்பவம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கல்லை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“இந்தா. இனி நீயே வளத்துக்க.”

தமயந்தி ஒரு கையால் வாங்கினாள். உடனே மற்ற கையையும் கீழே கொடுத்தாள், தலை நிற்காத பிள்ளையை வாங்குகிறவள் கொடுப்பதுபோல. “எங்கடி வெச்சுக்கறது இதை” என்று கேட்டாள், கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

அமலோற்பவம் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, படியேறி, சமையலறைக்குள் போய், கதவைச் சாத்தினாள். பரணிலிருந்து ஆணி டப்பாவை இறக்கி, தாழ்ப்பாளைத் தேடி எடுத்து, பழைய துளைகளிலேயே பொருத்தி, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு திருகாணியாக இறுகத் திருகினாள். கதவுக்கு அந்தப் பக்கம் தமயந்தி நகர்ந்த சத்தமே கேட்கவில்லை.